படை வெளியேறிய நிலத்தில் எழுந்த ஊர்: ஃப்ரைபர்க்கின் வோபான் குடியிருப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடிக்கிடக்கும் ஆலை, பயனில்லாத ரயில்வே பட்டறை, படை காலி செய்துவிட்டுப் போன முகாம் என நகரத்துக்குள் சும்மா கிடக்கும் நிலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஜெர்மனியின் வோபான் குடியிருப்பை யாராவது ஒருவர் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுவார். கூடவே அரைகுறைச் செய்திகளும் வந்து சேரும். அங்கே காரே கிடையாது என்பார் ஒருவர். எல்லா வீட்டுக் கூரையிலும் சூரிய மின்பலகை என்பார் இன்னொருவர். பணக்கார நாடு, செய்துவிட்டார்கள் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். மூன்றும் சரியல்ல. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். நிலம் பற்றிய பதில் நீளமாக இருக்கும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைத்தன.

வோபான் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைகளுக்கு அருகே, கருங்காடு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது ஃப்ரைபர்க் என்ற பல்கலைக்கழக நகரம். அதன் மையத்திலிருந்து தெற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், நாஜி ஆட்சிக்காலத்தில், 1930களின் பிற்பகுதியில் ஒரு படைமுகாம் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை அதில் குடியேறியது. 17ஆம் நூற்றாண்டில் ஃப்ரைபர்க் பிரான்சின் வசம் இருந்தபோது அதன் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியவர் வோபான் என்ற படைப் பொறியாளர். அவர் பெயரையே முகாமுக்கு வைத்தார்கள். பனிப்போர் முடிந்து, 1992இல் பிரெஞ்சுப் படை ஊரைவிட்டுப் போனது.

அவர்கள் விட்டுச்சென்றது ஏறக்குறைய 40 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட நூறு ஏக்கர். வரிசை வரிசையாக வீரர்கள் தங்கிய கட்டடங்கள், அணிவகுப்புத் திடல்கள், வளர்ந்து முதிர்ந்த மரங்கள், தெற்கு ஓரத்தில் ஒரு சிற்றோடை. அதே நேரத்தில் நகரத்துக்குள் மாணவர்களும் இளம் குடும்பங்களும் வாடகை வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள்.

படை போன பிறகு நிலம் யாருக்குச் சொந்தமானது?

ஜெர்மன் மத்திய அரசுக்கு. அதனிடமிருந்து நிலத்தின் பெரும்பகுதியை ஃப்ரைபர்க் மாநகராட்சியே விலைக்கு வாங்கியது. வோபானைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஜெர்மன் கட்டடச் சட்டத்தில் நகர மேம்பாட்டுக்கென ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதன்படி ஒரு பகுதியை மேம்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால், அங்கே வீடு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் ஏறும் விலையை மாநகராட்சி கொடுக்க வேண்டியதில்லை. மேம்பாட்டுக்கு முந்தைய விலையில் வாங்கலாம். பிறகு சாலை, வடிகால், பள்ளி, பூங்கா எல்லாம் போட்டு, மேம்பட்ட மனையின் விலைக்கு விற்கலாம். இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் உள்ள பணம் அந்தச் சாலைக்கும் பள்ளிக்கும்தான் போக வேண்டும் என்று சட்டமே கட்டிப்போடுகிறது. நம் பக்கத்தில் இந்த நடுப் பணம் யார் யார் பைக்குப் போகிறது என்பது மனை வாங்கிய எல்லோருக்கும் தெரியும். வோபானில் அது பள்ளிக்கூடமாகவும் மழைநீர் வாய்க்காலாகவும் ஆனது. அதனால்தான் 'பணக்கார நாடு, அதனால் முடிந்தது' என்பதை நான் ஏற்பதில்லை. அங்கே செலவிட்ட பணத்தில் பெரும்பங்கு அந்த மண்ணிலிருந்தே வந்தது.

விற்ற விதமும் கவனிக்கத்தக்கது. நூறு ஏக்கரை ஒரே நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தால் மாநகராட்சிக்கு வேலை மிச்சம். அப்படிச் செய்யவில்லை. மனைகளைச் சிறிதாகப் பிரித்தார்கள். விலையை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்பதை ஏலத்தொகையால் தீர்மானிக்காமல், பிள்ளைகள் உள்ள குடும்பமா, முதியவர்களுக்கு இடம் இருக்கிறதா, ஃப்ரைபர்க்கில் வாழ்பவர்களா என்று பார்த்து ஒதுக்கினார்கள். பெரிய நிறுவனங்கள் அறவே நுழையவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முழு நிலத்தையும் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளும் நிலை வரவில்லை.

குடியிருப்பவர்களே வீடு கட்டிக்கொண்டார்கள் என்கிறார்களே, எப்படி?

பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாகும். சிறு குழு என்றால் நாலைந்து குடும்பங்கள், பெரிது என்றால் இருபதுக்கு மேலும் போகும். அந்தக் குழு மாநகராட்சியிடம் மனை கேட்டு விண்ணப்பிக்கும், தானே ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்தும், தானே வங்கியில் கடன் வாங்கும். நடுவில் கட்டி விற்பவர் இல்லை என்பதால் அவருடைய லாபமும் விளம்பரச் செலவும் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்கு விலையாக மாலைகளைக் கொடுக்க வேண்டும். மாடிப்படி உள்ளே வருவதா வெளியே வருவதா, பொது அறை வேண்டுமா, சைக்கிள்களை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பேசிச் சலித்து விலகியவர்களும் உண்டு. தாக்குப்பிடித்தவர்கள் வீட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டாரை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இதன் விளைவைத் தெருவில் நின்றால் பார்க்கலாம். நாலு மாடிக்கு மேல் உயரமில்லை, எல்லாம் அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள். ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று மரச்சட்டம் போர்த்தியிருக்கும், அடுத்தது மஞ்சள் பூச்சு, அதற்கடுத்ததில் முகப்பு முழுவதும் பால்கனிக் கொடிகள்.

மக்களின் கருத்தை மாநகராட்சி உண்மையாகவே கேட்டதா?

கேட்க வைத்தார்கள் என்பதே பொருத்தம். 1970களின் நடுவில் பக்கத்து ஊரான வீலில் அணுமின் நிலையம் வருவதை எதிர்த்து உழவர்களும் மாணவர்களும் சேர்ந்து நின்று அதைத் தடுத்த வட்டாரம் இது. கூடிப் பேசவும் அதிகாரிகளோடு மல்லுக்கட்டவும் பழகிய தலைமுறை ஒன்று ஃப்ரைபர்க்கில் இருந்தது. 1994இல் அவர்களில் சிலர் 'ஃபோரம் வோபான்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சி அதை மக்கள் பங்கேற்புக்கான அதிகாரபூர்வ அமைப்பாக ஏற்றுக்கொண்டது. கார் இல்லாத தெருக்கள் என்ற திட்டத்தை முன்வைத்து விடாமல் வாதாடியது இந்தச் சங்கம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் நிதியும் அதற்குக் கிடைத்தது. பிற்பாடு அந்த நிதியின் கணக்கு குறித்து எழுந்த சிக்கலில் 2004இல் சங்கம் திவாலானது. இவ்வளவு உழைத்த அமைப்புக்கு அப்படியொரு முடிவு வந்தது வருத்தமானது. அதன் இடத்தில் வட்டாரச் சங்கம் ஒன்று இன்று இயங்குகிறது.

பழைய படைக் கட்டடங்களை இடித்துவிட்டார்களா?

பெரும்பாலானவற்றை இடித்தார்கள். குடியிருப்பதற்கென்று பத்துக் கட்டடங்கள் பிழைத்தன. ஆறு மாணவர் விடுதிகளாயின. சுமார் 600 மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. மீதி நான்கின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

படை வெளியேறிய காலத்தை ஒட்டி, குறைந்த வாடகைக்கு வீடு தேடிய மாணவர்களும் வேலையற்றவர்களும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோரும் சேர்ந்து 'சூசி' என்ற குழுவை அமைத்தார்கள். இடிப்பதற்கு முன் எங்களிடம் கொடுங்கள், நாங்களே பழுதுபார்த்துக் குடியிருக்கிறோம் என்று கேட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் நான்கு கட்டடங்களைப் பெற்றார்கள். வேலையில் பெரும்பகுதியைத் தாங்களே செய்தார்கள். குடியேறுபவர் குறிப்பிட்ட மணி நேரம் உடலுழைப்புத் தர வேண்டும் என்பது விதி. பழைய கதவு, பழைய செங்கல், பிரித்தெடுத்த மரம் எல்லாம் மறுபடி பயன்பட்டன. இன்றும் இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள், நகரத்திலேயே மிகக் குறைந்த வாடகைகளில் ஒன்றைக் கொடுத்துக்கொண்டு.

அந்த வாடகை ஏறாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு சட்ட ஏற்பாடு. ஃப்ரைபர்க்கில் 1990களின் தொடக்கத்தில் 'மீட்ஸ்ஹாய்சர் சிண்டிகாட்' என்ற வாடகை வீடுகளின் கூட்டமைப்பு பிறந்தது. அதுவே கைவிடப்பட்ட ஒரு பழைய இயந்திரத் தொழிற்சாலையை இடிபடாமல் காப்பாற்றிக் குடியேறியவர்களின் முயற்சியில் உருவானதுதான். இதன் முறைப்படி கட்டடத்தின் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கும். அந்த நிறுவனத்துக்குப் பங்காளிகள் இருவர்: குடியிருப்போர் சங்கம் ஒன்று, கூட்டமைப்பு மற்றொன்று. இருவரும் ஒப்பினால் மட்டுமே கட்டடத்தை விற்க முடியும். கூட்டமைப்பு ஒருபோதும் ஒப்பாது. ஆகவே சந்தையில் அந்த வீட்டுக்கு விலை என்பதே இல்லை. இன்று ஜெர்மனி முழுவதும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீட்டுத் திட்டங்கள் இதில் இணைந்திருக்கின்றன. சூசியும் அதில் ஒன்று.

சூழல் கணக்கிலும் இந்தப் பழைய கட்டடங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எழுந்து நிற்கும் சுவரில் ஏற்கெனவே செலவான எரிபொருள் அடங்கியிருக்கிறது. அதை இடித்துவிட்டுப் புதிதாக எவ்வளவு சிக்கனமான வீடு கட்டினாலும் அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வோபானில் கார் வைத்துக்கொள்ளவே முடியாதா?

முடியும். வீட்டு வாசலில் நிறுத்தத்தான் முடியாது.

நடுவில் ஓடும் பெரிய சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை கார் போகலாம். பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் நடை வேகத்தில் உள்ளே வந்து, சாமான் இறக்கிவிட்டு, திரும்பிப் போய்விட வேண்டும். கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் விளிம்பிலுள்ள அடுக்கு வாகன நிறுத்தகத்தில் தனக்கென ஓர் இடத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஓர் இடத்தின் விலை சுமார் 18,000 யூரோவாக இருந்தது. பல நகரங்களில் வாகன நிறுத்தத்தின் விலையை வீட்டு விலைக்குள் ஒளித்துவிடுகிறார்கள். காரே இல்லாத குடும்பமும் அதற்குப் பணம் கொடுக்கிறது. வோபானில் இரண்டையும் பிரித்து, விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். காரை விடலாமா என்று யோசிப்பவருக்கு அந்தத் தொகையே போதுமான காரணம் ஆகிவிடுகிறது.

இதில் ஒரு சட்டத் தடை இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்பது மாநிலக் கட்டட விதி. காரில்லாதவருக்கு எதற்கு இடம் என்று கேட்டாலும் விதி விதிதான். அதற்குக் கண்ட வழி மிக நுட்பமானது. கார் இல்லாமல் வாழ்வோருக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் ஒரு நிலத்தை வாங்கி, 'எங்கள் உறுப்பினர்கள் நாளை கார் வாங்கினால் இங்கே நிறுத்தகம் கட்டிக்கொள்வோம்' என்று காட்டியது. காரில்லாத ஒவ்வொரு குடும்பமும் அந்த நிலத்துக்காக ஒரே தடவை சுமார் 3,700 யூரோ செலுத்தி, தன்னிடம் கார் இல்லை என்று ஆண்டுதோறும் எழுதித் தந்தது. விதியும் மீறப்படவில்லை, கட்டடமும் எழவில்லை. அந்த நிலம் இன்று புல்வெளியாக, மக்கள் கூடி விளையாடும் இடமாக இருக்கிறது.

ஏமாற்றுபவர்கள் இல்லையா என்றால், இருந்திருக்கிறார்கள். உறவினர் பெயரில் காரைப் பதிவு செய்துகொண்டு பக்கத்துப் பேட்டையில் நிறுத்துவது தெரிந்த கதைதான். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் அதற்காக முகம் சுளித்ததும் உண்டு. ஆனாலும் ஆயிரம் பேருக்கு எத்தனை கார் என்று பார்த்தால், வோபானின் எண்ணிக்கை நகரச் சராசரியில் பாதிகூட இல்லை. இந்த வேறுபாட்டை முதலில் அனுபவிப்பவர்கள் குழந்தைகள்தான். நடுத்தெருவில் சாக்கட்டியால் கோடு கிழித்து விளையாடலாம், பெரியவர் யாரும் வாசலில் காவல் நிற்க வேண்டியதில்லை.

டிராம் வசதி ஆரம்பத்திலேயே இருந்ததா?

இல்லை. அது ஒரு குறை. 1990களின் இறுதியில் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள், டிராம் வந்ததோ 2006இல்தான். அதுவரை பஸ்ஸும் சைக்கிளும். அதே நகரத்தில், பழைய கழிவுநீர்ப் பண்ணை நிலத்தில் எழுந்த ரீசல்ஃபெல்ட் என்ற இன்னொரு குடியிருப்புக்கு 1997லேயே, மக்கள் குடியேறத் தொடங்கிய மறு ஆண்டிலேயே டிராம் ஓடியது. அதுதான் சரியான வரிசை. கார் வாங்கிப் பழகிய பின் டிராம் விட்டுப் பயனில்லை.

வீடுகள் எரிசக்தியை எவ்வாறு மிச்சப்படுத்துகின்றன?

ஜெர்மனியில் வீட்டுச் செலவில் பெரியது குளிர்காலச் சூடேற்றம். பழைய வீடுகளில் ஒரு சதுர மீட்டரைச் சூடாக வைத்திருக்க ஆண்டுக்கு 200 யூனிட்டுக்கு மேல் செலவாவது சாதாரணம். வோபானில் மனை வாங்கிய எல்லோருக்கும் 65 யூனிட்டுதான் உச்சவரம்பு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே மாநகராட்சி எழுதிவிட்டது. அன்றைய நாட்டளவிலான விதியைவிட இது கணிசமாகக் கடுமையானது. நிலம் கையில் இருந்ததால்தான் சட்டத்தை மிஞ்சிய நிபந்தனையை விற்பனைப் பத்திரத்தில் வைக்க முடிந்தது.

சிலர் அதையும் தாண்டினார்கள். 1999இல் ஒரு கட்டுமானக் குழு எழுப்பிய 'வாழ்வும் வேலையும்' என்ற நாலு மாடிக் கட்டடம் பாசிவ் வீடு என்னும் வகையைச் சேர்ந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்த முறையைக் கையாண்ட தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. தடித்த காப்புச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் காற்றோட்டக் கருவி. இவற்றால் சூடேற்றத் தேவை 15 யூனிட்டுக்கு இறங்கிவிடும்.

படங்களில் நாம் பார்க்கும், கூரை முழுதும் சூரிய மின்பலகை வேய்ந்த வண்ண வீடுகள் வோபானை ஒட்டியுள்ள ஷ்லீர்பெர்க் சூரியக் குடியிருப்பைச் சேர்ந்தவை. கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் வடிவமைத்த 59 வீடுகள். ஆண்டுக் கணக்கில் தம் தேவைக்கு மேல் மின்சாரம் தருகின்றன. ஆனால் வோபானின் பெரும்பாலான வீடுகளுக்கு வெப்பம் வருவது மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே உற்பத்தி செய்யும் பொது நிலையத்திலிருந்து. பெரும்பகுதி மரச்சில்லு, மீதி இயற்கை எரிவாயு.

மழைநீர்?

சாலையோரத்திலும் வீடுகளுக்கு நடுவிலும் ஆழமில்லாத புல் வாய்க்கால்கள் ஓடுகின்றன. கூரையில் விழும் நீர் குழாய்க்குள் போகாமல் அவற்றில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. டிராம் தடமும் புல்லுக்கு நடுவில்தான். முகாம் காலத்து மரங்களில் கணிசமானவற்றை வெட்டாமல் விட்டுத் தெருக்களை அவற்றுக்கேற்ப வகுத்தார்கள்.

ஏழைகளுக்கு அங்கே இடம் உண்டா?

போதுமான அளவுக்கு இல்லை. வோபானின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு மறுக்க முடியாதது இது ஒன்றுதான். மானிய வாடகை வீடுகள் திட்டமிட்ட அளவில் வரவில்லை. அந்த ஆண்டுகளில் மாநில அரசின் வீட்டு மானியம் சுருங்கியதும் ஒரு காரணம். குழுவாகச் சேர்ந்து கட்டும் முறையும் படிப்பும் நேரமும் ஓரளவு சேமிப்பும் உள்ளவர்களுக்கே எளிது. ஆசிரியர்கள், பல்கலைக்கழகத்தார், மருத்துவர்கள் என ஒரே வகையினர் நிறைந்த ஊர் என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதுவதில் உண்மை இருக்கிறது.

அதைவிட ஆழமான தவறு, மனைகளை மாநகராட்சி ஒரேயடியாக விற்றுவிட்டது. முதலில் வாங்கியவர் நியாய விலைக்கு வாங்கினார். இருபது ஆண்டு கழித்து அவர் விற்கும்போது அது ஃப்ரைபர்க்கின் சந்தை விலை, ஜெர்மனியின் மிக விலையேறிய நகரங்களில் ஒன்றின் விலை. முதல் தலைமுறைக்குக் கிடைத்த நியாயம் இரண்டாம் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நீண்டகாலக் குத்தகைக்கு மட்டும் விட்டிருந்தால் நிலைமை வேறு. சூசியின் நான்கு கட்டடங்களும், 1997இல் தொடங்கிய கெனோவா கூட்டுறவுச் சங்கத்தின் வீடுகளும் மட்டும் இந்த விலையேற்றத்துக்கு வெளியே நிற்கின்றன.

2011இல் இந்தக் கோபம் தெருவிலும் வெடித்தது. குடியிருப்பின் நுழைவாயிலில் காலியாக இருந்த மனையில் வண்டி வீடுகளில் தங்கியிருந்தவர்களைக் காவல்துறை வெளியேற்றியது. இப்போது அங்கே ஓர் ஓட்டல் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து பணியாற்றும் நல்ல ஓட்டல்தான். இருந்தாலும் காலியான படைக் கட்டடங்களில் குடியேறியவர்களின் முயற்சியும் சேர்ந்து உருவான ஊரில் அந்தக் காட்சி பலருக்கு உறுத்தியது.

வெப்ப நாடுகளில் இதே வீட்டைக் கட்டலாமா?

கூடாது. தெற்கு வெயிலை உள்ளே இழுக்கும் பெரிய கண்ணாடிச் சன்னல் அங்கே குளிருக்கு மருந்து, நமக்கு அடுப்பு. நமக்கு வேண்டியவை நிழல், குறுக்குக் காற்று, வெயில் ஏறாத கூரை. எடுத்துக்கொள்ள வேண்டியது நில ஏற்பாட்டை: பொதுநிலத்தைப் பொது அமைப்பே கையில் வைத்திருத்தல், சிறு மனை, கூடி வரும் மக்களுக்கு முதலுரிமை, கார் நிறுத்தத்துக்குத் தனி விலை. இவற்றுக்குத் தட்பவெப்பம் ஒரு பொருட்டில்லை.

வோபானுக்குப் பிறகு ஃப்ரைபர்க் என்ன செய்கிறது?

வீட்டுப் பற்றாக்குறை தீரவில்லை. சும்மா கிடந்த பெரிய நிலங்களும் தீர்ந்துபோயின. அதனால் நகரின் மேற்கே டீட்டன்பாக் என்ற புதிய பகுதியைத் திட்டமிட்டார்கள். ஏறக்குறைய 15,000 பேருக்கான ஊர். ஆனால் அது விளைநிலம். உழவர்கள் எதிர்த்தார்கள், விவகாரம் பொதுவாக்கெடுப்புக்குப் போனது. 2019 பிப்ரவரியில் வாக்களித்தவர்களில் 60 விழுக்காட்டினர் கட்டலாம் என்றார்கள். வீடுகளில் பாதி மானிய வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்று இம்முறை முதலிலேயே இலக்கு வைத்திருக்கிறார்கள். வோபானில் விட்ட இடத்தை நிரப்பப் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு. கைவிடப்பட்ட இடம் எதுவும் மிச்சமில்லாத நகரம் வயலைத் தொடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆகவேதான் பழைய முகாமும் பட்டறையும் கிடைக்கும்போது அவற்றை வீணடிக்கக் கூடாது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

தாராளமாக. நகர மையத்திலிருந்து மூன்றாம் எண் டிராமில் ஏறி வோபானில் இறங்கலாம். படைக் காலத்துக் கட்டடங்களில் ஒன்றை மக்கள் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அதன் முன்னாலுள்ள சதுக்கத்தில் புதன்கிழமைகளில் உழவர் சந்தை கூடும். போவதானால் அன்றைக்குப் போங்கள். சூரிய வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் சூசியின் பழைய கட்டடங்கள் வரை நடந்து வாருங்கள், பத்துப் பதினைந்து நிமிட நடைதான். உலகெங்கிலுமிருந்து குழு குழுவாக வந்து படமெடுப்பவர்களால் அங்குள்ளவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். அதனால் சன்னல்களுக்கு முன் நின்று படம் எடுப்பதையும், விளையாடும் குழந்தைகளைப் படம் பிடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.